குளிரக்காவின் குறிப்புப் பத்தி

வடக்கே ஒரு சின்ன ஊர். பெருமையடித்துக்கொள்ள அதற்கு மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, ஆறு இல்லாத பாலம். எண்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளத்தில் ஆறு பாதையை மாற்றிக்கொண்டது. பாலத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. இரண்டு, ஒரு ராஜாவின் ரயில் இங்கே நாற்பது நிமிடம் நின்றது. ராஜா தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவதுதான் சோறு போடும் பெருமை: நாட்டிலேயே மிகக் குளிரான காலை இந்த ஊரில்தான் விடிந்தது. மைனஸ் முப்பத்தொன்று. ஊர் எல்லையில் பலகை, விடுதி வாசலில் பலகை, கம்பளிக் கடைக்கு மேலே ஆளுயரப் பலகை.

அந்த மைனஸ் முப்பத்தொன்றைப் படித்தவர், தபால் நிலையத்தில் ஸ்டாம்பு விற்கும் அம்மாள். ஊருக்கு அவர் குளிரக்கா. தபால் நிலையப் பின்முற்றத்தில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நாலு காலில் நெஞ்சுயரத்துக்கு நிற்கிறது. அதற்குள் வெப்பமானி. இருபத்தாறு வருடமாக தினமும் காலை ஆறு மணிக்கு அதைப் பார்த்து, நோட்டில் எழுதி, எண்ணைத் தலைநகர வானிலை அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார். ஜுரம் வந்தாலும் போவார். தன் ஜுரத்தை மட்டும் அளந்ததில்லை. ஊரிலேயே குளிர் தாங்காத ஆளும் அவர்தான். கோடையிலும் காலுறை.

கம்பளிக் கடை அவர் கணவருடையது. "அக்கா குளிரை இறக்குறாங்க, அவரு ஸ்வெட்டரை இறக்குறாரு" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

சாதனை நடந்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முன். மேலதிகாரி வருகிறார் என்று போஸ்ட்மாஸ்டர் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். வெளியே வைத்தால் காயாது என்று பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்று நாள் பெட்டி உள்ளே குளிர்காய்ந்தது. வெப்பமானி வெளியே முற்றத்துப் பனிமேல் கிடந்தது. இரண்டாம் நாள்தான் மைனஸ் முப்பத்தொன்று. அக்கா நோட்டின் கடைசிப் பத்தியில், குறிப்பு என்ற தலைப்பின் கீழ், ஒழுங்காக எழுதியும் வைத்தார்: "பெட்டிக்குப் பெயின்ட். பனிமேல் வைத்துப் படித்தது." எண்ணை நாடே படித்தது. குறிப்பை ஒருவரும் படிக்கவில்லை.

ஆறு வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது: மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு, மேலே உள்ள காற்றைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். கணவரிடம் சொன்னார்.

"பலகை மாட்டியாச்சு. சும்மா இரு," என்றார் அவர்.

இருந்தார், பதினாறு வருடம். நேர்மையான ஒருவர் அவ்வளவு காலம் சும்மா இருந்ததும் சாதனைதான். அதற்குப் பலகை கிடையாது.

இந்தக் குளிர்காலத்தில் கடிதம் வந்தது. சாதனைப் பட்டியலைப் புதிதாக அச்சிடுகிறார்கள். அதிகாரி நேரில் வந்து நோட்டைப் பார்ப்பார். பட்டியலில் ஏறினால் ஊர் நிலைத்தது. இல்லையென்றால் பலகைகள் விறகு.

ஊர்த் தலைவர் அன்றே கவுன்டருக்கு வந்துவிட்டார்.

"வீட்டுக்காரர் எல்லாம் சொன்னாருக்கா. அந்தக் கடைசிப் பத்தியில கொஞ்சம் மை கொட்டிட்டா..."

"நான் பென்சில்ல எழுதறவ. குளிர்ல மை உறைஞ்சிடும்."

"பென்சிலா!" தலைவர் முகம் மலர்ந்தது. "அப்போ ரப்பர் போதுமே!"

சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து வைத்துவிட்டே போனார். அக்கா அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பயன்படுத்தவும் இல்லை.

அதிகாரி சின்ன வயதுப் பெண். மெல்லிய காலணியில் வந்து இறங்கி, நேரே கம்பளிக் கடைக்கு ஓடி இரண்டு ஜோடி காலுறை வாங்கினாள். கணவர் கேட்காமலே தள்ளுபடி கொடுத்தார். கடை திறந்த நாளிலிருந்து நடக்காத காரியம். பிறகு தபால் நிலையத்தில் நோட்டைத் திறந்தாள், எண்ணைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள், மூடினாள்.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

கவுன்டர் ஓரமாக நின்ற தலைவர் நிம்மதியாக மூச்சு விட்டார். இனி யாரும் எதையும் அழிக்க வேண்டாம். அக்கா இன்னும் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் போதும். பதினாறு வருடப் பழக்கம் இருந்தும், அந்த ஐந்து நிமிடம் அவரால் முடியவில்லை.

"ஏம்மா, கடைசிப் பத்தியைப் படிக்கலையே?"

"அதுல என்ன இருக்கப்போகுது?"

"எல்லாரும் அப்படித்தான் விட்டாங்க. நீயாவது படி."

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். "பனிமேலயா?"

"பனிமேலதான்."

"அப்போ காத்து மைனஸ் இருபத்திமூணு, இருபத்திநாலுதான் இருந்திருக்கும். பட்டியல்ல சேராதும்மா."

"ரெண்டாவது இடமாவது கிடைக்குமா?" என்றார் தலைவர்.

"பதினொண்ணாவது இடமே சந்தேகம் சார்." பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆனா இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் விடுபடல. இப்படி ஒரு நோட்டு எங்க ஆபீஸ்லயே இல்ல."

இதைப் பலகையில் எழுதினால் யாராவது ஸ்வெட்டர் வாங்குவார்களா என்று தலைவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

கணவர் ஒரு வாரம் அக்காவிடம் பேசவில்லை. எட்டாம் நாள் கடைப் பலகையைக் கழற்ற ஏணி போட்டார். பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

"வா, பிடி. நீதானே இறக்கி வச்ச."

அக்கா வந்து பிடித்தார். "இனி என்ன எழுதப்போறீங்க?"

"'இங்கே குளிரும்'னு போடறேன். அதுக்காவது உனக்குச் சம்மதமா?"

"அது நிஜம்தான்," என்று சொல்லி, அக்கா ஒரு கையை ஏணியிலிருந்து எடுத்துச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஏய், ரெண்டு கையாலயும் பிடி!"