மொதல்ல காலு, அப்பாலதான் கை

சத்தார் பாய் இறந்த செய்தி வந்தபோது எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. செய்தியோடு வந்த எதிர் டீக்கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஓடுகிற மெஷின் முன்னால் நிற்பவரிடம் நல்லதோ கெட்டதோ எதையும் சொல்லக் கூடாது என்பது பாய் போட்ட சட்டம். அது எங்கள் தெருவுக்கே தெரியும். தாள் தீர்ந்து, சுவிட்சை அணைத்து, சக்கரம் சுற்றி ஓய்ந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். "நம்ம பாய் பூட்டாருங்க" என்றார். தன் சாவுச் செய்தியைக்கூட மெஷின் நிற்கும்வரை காக்கவைத்துவிட்டாரே என்று எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அழுகை அதன் பின்னாலேயே வந்துவிட்டது.

திருவண்ணாமலையில் கல்யாணப் பத்திரிகையோ லாட்ஜ் ரசீதோ தீபத்து நோட்டீஸோ எங்களிடம் அடித்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் முதுகைத்தான் பார்த்திருப்பீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே மெஷின்மேன். எங்களுடையது டிரெடில், அதாவது காலால் மிதித்து ஓட்டும் மெஷின். கீழே மிதிகட்டை, பக்கத்தில் கனமான சக்கரம், எதிரே திறந்து மூடும் இரண்டு இரும்புப் பலகைகள். அவை திறக்கும் நேரத்தில் ஒரு கை அச்சான தாளை எடுக்கும், மறு கை வெள்ளைத் தாளை வைக்கும். மூடும்போது உள்ளே இருப்பது தாளா கையா என்று இரும்பு பார்ப்பதில்லை.

சேர்ந்த புதிதில் எனக்கு இடுப்புவரை பின்னல். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. "தங்கச்சி, அத்த சுருட்டிக் கொண்டை போட்டுக்கோ" என்றார் பாய். கம்பாசிட்டருக்கு மெஷின் பக்கம் என்ன வேலை என்று நான் முறைத்தேன். அவர் ஒரு பழைய நாடாவை எடுத்து, சுற்றுகிற பல்சக்கரத்தின் ஓரமாக நீட்டினார். நுனி பட்டதுதான் தாமதம், முழு நாடாவும் உள்ளே போய்விட்டது. அவர் கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. அன்று போட்ட கொண்டையை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

ஊர்ப் பிரமுகர் ஒருவர், தோளில் சரிகைத் துண்டு தொங்க, தன் நோட்டீஸ் அச்சாவதைப் பார்க்க மெஷின் மேலேயே சாய்ந்தார். பாய் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்னைக் கண்டு மரியாதைக்கு நிறுத்தினாயா?" என்று பிரமுகர் பூரித்துப்போனார். "துண்டுக்கு நிறுத்தனேங்க. அது உள்ள போச்சுன்னா கழுத்தும் கூடப் போவும்" என்றார் பாய். பிரமுகர் துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு நோட்டீஸ் வாங்க அவர் ஆளைத்தான் அனுப்பினார்.

எல்லாவற்றையும்விட அவர் அதிகம் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. தாள் கோணலாகப் போனால் எட்டிப் பிடிக்கத்தான் யாருக்கும் கை பறக்கும். பிடிக்கக் கூடாது. முதலில் மிதிகட்டையைக் காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மெஷின் திணறி நிற்கும். நின்ற பிறகு கையை உள்ளே விடலாம். "மொதல்ல காலு, அப்பாலதான் கை" என்பார். அடி அண்ணாமலையிலிருந்து ஏழுமலை என்பவர் இரண்டாவது மெஷின்மேனாக வந்தார். நிலத்தில் உழைத்துக் காய்த்த கை, வீட்டில் பிள்ளைகள், பாயைவிடச் சில வயதுதான் குறைவு. பாய் அவரை மெஷினைத் தொடவிடாமல் மிதிகட்டையை மட்டும் பல நாள் மிதிக்கவைத்தார். "கால்ல பயம் ஏறணும்டா. ஏறிச்சுன்னா கை தானா தப்பிச்சுக்கும்" என்றார். ஏழுமலைக்கு நன்றாகவே ஏறியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது தட்டு விழுந்தால்கூட அவர் கால் தரையை அழுத்தும். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வோம்.

எண்பதுகளில் பாய்க்கு முழங்கால் வலி வந்தது. முதலாளி நல்ல மனிதர். பாய் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் மெஷினுக்கு மோட்டார் பூட்டினார். மிதிகட்டையைக் கழற்றிப் பின்கட்டில் போட்டார்கள். சுவிட்ச், நிற்பவருக்குப் பின்னால் இருந்த சுவரில் வந்தது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பாய்கூட, "கால் நீட்டி நிக்கறது சொகமாத்தான் இருக்குது" என்று சிரித்தார். கால் போய்விட்டதே, இனி மெஷினை எது நிறுத்தும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

தீபத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். ஏழுமலை நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு தாள் கோணலாகப் போனது. அவர் காலைத் தரையில் அழுத்தியதை என் இடத்திலிருந்து பார்த்தேன். அழுத்திவிட்டு, நிதானமாக, நின்றுவிட்ட மெஷினுக்குள் விடுவதுபோலக் கையை விட்டார். நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். சக்கரம் அதன் பிறகும் சுற்றித்தான் ஓய்ந்தது. அவர் கால் அப்போதும் சிமெண்டை அழுத்திக்கொண்டிருந்தது.

கையைத் துணியில் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றும்போது பாய் திரும்பி வந்தார். ஏழுமலை அவரைப் பார்த்ததும் அழவில்லை. தான் தவறு செய்யவில்லை என்று பாய்க்குத் தெரிய வேண்டும் என்பதுபோலச் சொன்னார்: "மொதல்ல காலுதான் வெச்சேன் பாய். நிக்கல."

கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. முதலாளி மோட்டாரையே கழற்றிவிடுகிறேன் என்றார். "கழட்டுனா வெரலு வருமா?" என்றார் பாய். சுவிட்சை மட்டும் முன்னால், கை எட்டும் இடத்துக்கு மாற்றச் சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் வாயால் நான் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவர் கால் மிதிக்கத் தொடங்கியது. மோட்டார் தன் பாட்டுக்கு மெஷினை ஓட்ட, இல்லாத மிதிகட்டையை அவர் வலது கால் தரையில் மிதித்துக்கொண்டே இருக்கும். அந்த முழங்காலோடுதான். கொஞ்ச நாளில் அந்த இடத்துச் சிமெண்ட் பளபளவென்று ஆகிவிட்டது. எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. "எதுக்கு பாய் இது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் ஓட்டுனாத்தான தங்கச்சி, நான் நிறுத்த முடியும்?" என்றார்.

ஏழுமலை கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கடை போட்டுக்கொண்டார். பாய் அந்தப் பக்கமே போகமாட்டார். "அவர் மேல எனக்கு வருத்தமே இல்லம்மா, ஒருவாட்டி வந்துட்டுப் போவச் சொல்லு" என்று ஏழுமலை எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியனுப்பினார். நான் சொல்வேன். பாய் தலையை ஆட்டிக்கொள்வார், போகமாட்டார். ஒருமுறை ஏழுமலையே அச்சகத்துக்கு வந்துவிட்டார். வாசலில் அவர் குரல் கேட்டதும் பாய் பின்கட்டு வழியாக இறங்கி நடந்துவிட்டார். எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. எதற்கென்று தெரியாத கோபம்.

பாய் வீட்டுக்கு நான் போனபோது பந்தலில் கூட்டம் இருந்தது. அவர் மகன் ரஹீம் என்னிடம் வந்து, "படுக்கையிலயும் அந்தக் காலு மிதிச்சுக்கினே இருந்துச்சு அத்தே. நாங்க புடிச்சாலும் நிக்கல" என்றான். அதைக் கேட்டபடி பின்னால் நின்றிருந்தவர் ஏழுமலை. எப்போது வந்தாரோ. நேரே உள்ளே போய், மய்யித்தாகக் கிடந்த பாயின் கால்மாட்டில் உட்கார்ந்தார். ரஹீமைக் கேட்டுக்கொண்டு போர்வை நுனியை விலக்கினார். வழக்கப்படி இரண்டு கால் கட்டை விரல்களையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஏழுமலை தன் வலது கையை, கட்டை விரல் மட்டும் இருந்த அந்தக் கையை, பாயின் வலது பாதத்தின் மேல் வைத்தார். பாய் இந்த முறை எழுந்து போகவில்லை.

"நின்னுடுச்சு பாய்" என்றார் ஏழுமலை. "காலை எடுங்க."

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த நாட்களில் யோசிக்கிறேன். கொண்டை இருக்கிறது. ஓடுகிற எதன் முன்னாலும் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. நேற்று பஸ் நிலையத்தில் ஒரு குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டுப் பின்னோக்கி வந்துகொண்டிருந்த பஸ்ஸின் பக்கம் ஓடியது. எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. டிரைவர் எப்படியோ நிறுத்திவிட்டார், குழந்தைக்கு ஒன்றுமில்லை, கூட்டமும் கலைந்துவிட்டது. நான் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், வலது காலால் தரையை அழுத்தியபடி.