அண்ணியின் சுண்டுவிரல்

இந்த வருஷ மழையில் என் அண்ணி லெட்சுமி ஒரு டொக்டரிடம் சண்டை போட்டார். எதற்கு? சுண்டுவிரலுக்கு!

அண்ணி அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். மலை இறங்கும்போது சறுக்கி விழுந்ததில் வலது முழங்கை நொறுங்கிவிட்டது. அண்ணன் கோல் பண்ண, ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிளேட் வைத்து ஒபரேஷன் பண்ண வேண்டுமாம்.

ஓர் இளம் டொக்டர் பேப்பரை நீட்டினார். "சைன் பண்ணுங்க" — சிங்களத்தில்.

அண்ணி பேனாவைத் தொடவே இல்லை. "சுண்டுவெரலும் பக்கத்து வெரலும் மரத்துப் போயிருக்கு. அது என்னன்னு மொதல்ல கேளு" என்றார் என்னிடம்.

கேட்டேன். வார்டு முழுக்க நோயாளிகள், டொக்டருக்கு அவசரம்... பாவம்தான். ஆனால், சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார் பாருங்கள்!

"கொழுந்து எடுக்கப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் போதும்தானே?"

அண்ணிக்குச் சிங்களம் புரியாது என்று நினைத்துவிட்டார். வைத்திய வார்த்தைகள்தான் அண்ணிக்கு வராது; கடைத்தெருச் சிங்களம் நன்றாகவே வரும். சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நான் கொழுந்து மட்டுமா எடுக்கிறேன்? சோறு பிசைகிறேன், பிள்ளைக்குத் தலை பின்னுகிறேன். அஞ்சு விரலும் என்னோடது. பெரிய டொக்டர் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் கையெழுத்து இல்லை."

வார்டே திரும்பிப் பார்த்தது. அண்ணன் பதறிப்போனார். "விடு லெட்சுமி... கோவிச்சுக்கிட்டா நமக்குத்தான் கஷ்டம்."

"கோவிச்சுக்கட்டும். கை என்னோடதுங்க!"

பெரிய டொக்டரான சர்ஜன் அம்மா வந்தார். கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலையும் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொன்னார். பிறகு நிதானமாக விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

முழங்கையை எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே — அந்த நரம்புதான். முழங்கையின் உள்பக்கம், எலும்பை ஒட்டி, தோலுக்குக் கொஞ்சம் கீழேயே ஓடுகிறது. பிளேட் வைக்கிற இடமும் அதன் பக்கத்திலேயே.

"முதலில் நரம்பைக் கண்டுபிடித்துப் பத்திரமாக ஒதுக்குவேன். அப்புறம்தான் எலும்பு. ஒன்றுமே ஆகாது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அதைப் பார்க்காமல் ஸ்க்ரூ போட மாட்டேன்."

இளம் டொக்டரிடம் திரும்பினார். "இந்த நரம்பு கெட்டால் பெருவிரல் பிடியின் பலமும் குறையும். விரல் மரத்திருப்பதை இப்பவே எழுதுங்க. பிறகு அது விழுந்ததில் வந்ததா, நம்ம கத்தியில் வந்ததா என்று எப்படித் தெரியும்?"

அவர் எழுதிக்கொண்டார். அண்ணி இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

ஒபரேஷனில் பார்த்தபோது நரம்பு நசுங்கியிருந்ததாம், அறுபடவில்லை. ஆனாலும் மரத்துப்போனது உடனே சரியாகவில்லை. மாசக்கணக்கில் காத்திருந்தோம். அண்ணன்தான் ரொம்பப் பயந்துபோனார். போன ஞாயிறு அண்ணி கோல் எடுத்தார்.

"சுண்டுவெரல்ல எறும்பு கடிச்சிருச்சு... வலிக்குது!"

எறும்பு கடித்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

பேனாவை நீட்டினால் கையெழுத்து, அதட்டினால் மௌனம் — மலையில் நமக்கு இதுதானே பழக்கம்? கேள்வி கேட்டால் மரியாதைக்குறைவு என்று யார் சொல்லிக் கொடுத்தது? கத்தி படப்போவது நம்ம உடம்பில்.

கேளுங்கள். கோபப்பட்டால்... இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்!