அழகையா அண்ணன் கார் விலை பேசிய கதை

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் எங்கள் கையுறைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸுக்கு அழகையா அண்ணன்தான் பொறுப்பு. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நான் அவருக்குக் கீழே கிளார்க். ஆனால் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் அவருடைய வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்கள், அவர் விலை பேசுவதைப் பற்றித்தான் சொல்வார்கள். யாராவது தளபாடம் வாங்கப் போனாலும் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் அவர் பேசி வாங்கியதுதான். கடைக்காரர் கடைசியில் களைத்துப்போய், "கொண்டு போங்க ஐயா, ஆனா இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். அதை அண்ணன் ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சொன்ன விலைக்கு அவர் எதையும் வாங்கியதில்லை. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில், முதல் நேர்முகப் பரீட்சைக்காகக் கண்டிக்கு வந்து ஒரு சோடி சப்பாத்து வாங்கினார். கடைக்காரர் கேட்ட காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே இறங்கும்போது, உள்ளே சிங்களத்தில் பேசிச் சிரித்தது காதில் விழுந்தது. "தோட்டத்து ஆள், பேரம் பேசவே தெரியாது." அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போன நேர்முகத்தில் வேலை கிடைத்தது. ஆனால் அவர் மனதில் தங்கியது அந்தச் சிரிப்புத்தான்.

அவருக்கு ஒரே மகள், யசோதினி. இருபத்தொன்பது வயது. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை. போன சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் நடக்கவேண்டியது. கார்ட் அடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆன பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் விருப்பமாம். கார்ட் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போன் எடுத்து, கல்யாணம் நின்றுவிட்டது என்று சொன்னது யசோதினிதான். அப்பாவையும் அம்மாவையும் அதைச் செய்ய அவள் விடவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தொழிற்சாலையில் நாங்களும் எடுக்கவில்லை.

ஆவணியில் அவள் கார் வாங்கப்போவதாகச் சொன்னாள். வெளிநாட்டு வாகனம் இறக்குவதற்கு இருந்த தடையை எடுத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. விலையெல்லாம் கேட்டால் மயக்கம் வரும். தான் சேர்த்தது ஒரு பங்கு, மிச்சத்துக்கு லீசிங் கடன் என்று எல்லாவற்றையும் அவளே ஒழுங்கு செய்திருந்தாள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கார் சேல் கடையில் வெளிர் நீலத்தில் ஒரு சின்ன ஜப்பான் கார், புத்தம் புதுசு, அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

"நாலு எடத்துல விசாரிச்சிட்டேன்ப்பா, நியாயமான வெலதான். நீங்க சும்மா வந்து வண்டியப் பாருங்க" என்றாள்.

அண்ணனால் சும்மா பார்க்க முடியுமா?

கார் சேல் ஷாமில் என்பவருடையது. மடவளைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். கதிரை போட்டு, பால் தேநீர் வரவழைத்தார். எழுபத்துநாலு லட்சம் என்றார். அண்ணன் காரைச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார், கதவைத் திறந்து மூடினார், எழுபது என்றார்.

ஷாமிலுக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணன், எனக்கு இறங்கின வெலயே அதுக்கு மேல. ஒங்கட மகள் மூணு தரம் வந்து போன முகத்துக்காக அரை லட்சம் கொறைக்கிறேன். அதுக்கு மேல ஏலாது."

"குருணாகல்ல எழுபத்துமூணுக்குத் தாறேங்கிறாங்க." இது உண்மை. முந்தின நாள் போனில் கேட்டிருந்தார். ஆனால் அது அடுத்த மாதம் வரவேண்டிய கார் என்பதை அவர் சொல்லவில்லை.

"தருவாங்க. ஆனா வண்டியில ஒரு சின்னக் கொறை வந்தா நீங்க குருணாகலுக்கு ஓடேலா. இங்கயிண்டா நான் ஈக்கிறேன்."

அதைக் கேட்டதும் அண்ணன் எழும்பினார். எழும்பிப் போவதும் பேரத்தில் ஒரு படிதான், பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கூப்பிடாததால் வாசலில் நின்று, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒங்கள மாதிரி கொள்ளக்காரங்க இருக்கிறதாலதான் ஆளுங்க கொழும்புக்கு ஓடுறாங்க."

ஷாமில் தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினார். யசோதினி அவரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு அப்பாவுக்குப் பின்னால் நடந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு இஷ்டமில்லை. "ஒரே ஒரு தரம்மா, அப்பாவுக்காக" என்று கேட்டதால் வந்தாள். வாரம் முழுவதும் வேலை செய்த அலுப்பு. பஸ் கடுகண்ணாவை மலை இறக்கத்தில் இறங்கும்போது அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கொழும்பில் அது பெரிய ஷோரூம், கண்ணாடிச் சுவர், ஏசி. அங்கே அவர்களைக் கவனித்தவர் றொட்னி என்ற விற்பனையாளர். கொச்சிக்கடைப் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழர், நல்ல மரியாதையான ஆள். அதே மொடல், வெள்ளை நிறம், எழுபத்துமூன்று லட்சம். அண்ணன் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பாவித்துப் பார்த்தார். கட்டுகஸ்தோட்டை விலையைப் பாதியாக்கிச் சொல்லாத குறைதான். றொட்னி அசையவில்லை.

"அங்கிள், நான் என்ன செய்ய? வெல போடுறது மெனேஜர். ஐயாயிரம் கூட என் கையில இல்ல."

யசோதினி காருக்குள் உட்கார்ந்து சீட்டை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்க் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. அண்ணன் றொட்னியின் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஒரு தகப்பனாச் சொல்றேன். இந்தப் புள்ளைக்குச் சித்திரையில கல்யாணம் நின்னு போச்சி. கார்டெல்லாம் குடுத்த பெறகு. அவன் வேற ஒருத்தியோட போயிட்டான். அன்னையிலயிருந்து புள்ள சரியாச் சாப்பிடுறதில்ல, யாரோடயும் பேசுறதில்ல. இந்தக் காரையாவது வாங்கிக் குடுத்தா மனசு ஆறும்னு பாக்குறேன்."

றொட்னியின் முகம் மாறிவிட்டது. "இருங்க அங்கிள்" என்று மெனேஜரின் அறைக்குள் போனார். கண்ணாடிக்கு அப்பால் அவர் சிங்களத்தில் சொல்வதும், மெனேஜர் எட்டிக் காரைப் பார்ப்பதும், வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணும் திரும்பிப் பார்ப்பதும் தெரிந்தன. திரும்பி வந்து, எழுபத்தையாயிரம் குறைக்கலாம், காருக்குள் போடும் கால்விரிப்பும் சும்மா தரலாம் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்த நேரத்தில் தனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அதை அவர் மறைக்கவில்லை.

யசோதினி காரிலிருந்து இறங்கி வந்தாள். றொட்னி நல்ல மனதோடு சொன்னார்: "மிஸ், ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க. எங்க அக்காவுக்கும் கல்யாணம் இப்படித்தான் நின்னுச்சி. இப்ப ரெண்டு புள்ளைகளோட நல்லா இருக்கிறா. அந்த ஆள் போனது நல்லதுதான்னு நெனைங்க."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. றொட்னியைப் பார்த்தாள். மேசையிலிருந்த பெண் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் கால்விரிப்பின் தடிப்பைக் கையால் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"தேங்க்ஸ்" என்றாள் றொட்னியிடம். "எனக்கு வெள்ளை வேணாம். நாங்க வர்றோம்."

றொட்னி வாசல்வரை ஓடி வந்தார். "மிஸ், நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. நீங்க ஒண்ணும் பிழையாச் சொல்லல."

புறக்கோட்டை பஸ் நிலையத்தில் அவள் இரண்டு டிக்கட் எடுத்தாள். அப்பாவுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு பனிஸும் வாங்கி மடியில் வைத்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வறக்காப்பொலையில் பஸ் நின்றபோது மட்டும் கேட்டாள்.

"எவ்வளவு கொறச்சாங்க?"

"எழுபத்தஞ்சாயிரம்."

தலையை ஆட்டினாள். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பனிஸைத் தின்னவும் முடியாமல் தூக்கிப் போடவும் முடியாமல் அண்ணன் மடியிலேயே வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஸ்டோர்ஸில் இருக்கும்போது அவருக்கு ஷாமிலிடமிருந்து போன் வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன், ஆனால் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

"அண்ணன், மகள் வந்து வண்டிய முடிச்சிட்டா. எழுபத்துமூணரைக்குத் தாரேண்டுதான் நான் சொன்னேன், அவ கேக்கல்ல. எழுபத்துநாலுக்கே எழுதச் சொல்லிட்டா. நீங்க அண்டைக்குப் பேசினதுக்கு மன்னிப்பும் கேட்டா. எனக்கு மனசுக்குச் சரியில்ல. அரை லட்சத்தைக் கொறச்சு எழுதவா? நீங்க சொன்னா எழுதுறேன்."

கடைக்காரர் ஒருவர் தானாகவே வந்து குறைக்கவா என்று கேட்பது அவருடைய ஆயுளில் அதுதான் முதல் தடவை. அண்ணன் எழும்பி அலுமாரிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார்.

"மக சொன்ன மாதிரியே எழுதுங்க தம்பி" என்றார்.

அன்று பின்னேரம் மனைவி வீரம்மா அவரைக் கேட்டார். மகள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வீரம்மா சண்டை பிடிக்கவில்லை. "ஏங்க அதப் போய் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"வாய் தவறி வந்துருச்சி" என்றார் அண்ணன்.

வீரம்மா அதை ஏற்றுக்கொண்டார். அல்லது ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தார். ஆனால் அண்ணனால் அந்தப் பதிலோடு இருக்க முடியவில்லை. ஏனென்றால் அது வாய் தவறி வந்ததல்ல. கடுகண்ணாவை இறக்கத்தில், மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கொழும்புக்காரன் எதற்கும் அசையாவிட்டால் இதைச் சொல்லலாம் என்று அவர் நினைத்தார். எப்படித் தொடங்குவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்றும் நினைத்துவைத்திருந்தார். "தகப்பனாச் சொல்றேன்" என்ற வார்த்தைகூட அங்கேயே தயார்.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நாலாம் நாள் காலை யசோதினி வேலைக்குப் போகும் உடுப்பை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் போய் நின்றார்.

"யசோ, அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன். அது வாய் தவறி வரல்ல. பஸ்ஸுல போகும்போதே யோசிச்சி வச்சதுதான்."

அவள் அயர்னை நிறுத்தவில்லை. "தெரியும்ப்பா. நீங்க வெல பேசுறப்ப எதையும் யோசிக்காமச் சொல்லமாட்டீங்க." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "வீடு வீடாப் போன் எடுத்துச் சொன்னேன்ல, அப்பகூட எனக்கு இவ்வளவு வெக்கமா இருக்கல. அது என்னோட விஷயம், நானே சொன்னேன். அங்க ஆள் தெரியாத மூணு பேரு என்னைப் பாவமாப் பாத்தாங்க."

"என்னைய மன்னிச்சிரும்மா."

"சரிப்பா. சாப்பிடுங்க, இட்லி ஆறுது."

கார் வந்தது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டார்கள். முன்சீட்டில் உட்காரச் சொன்னதற்கு, அம்மா உட்காரட்டும் என்று அண்ணன் பின்னால் ஏறிக்கொண்டார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அவளும் அவரோடு பேசினாள், காலையில் அவரைப் பாலத்தடி பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டாள், அவருடைய பிரஷர் குளிசை முடியுமுன் வாங்கி வந்தாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. முன்பெல்லாம் லேபில் நடந்தது, யாரோடு கோபம், யார் என்ன சொன்னார்கள் என்று சாப்பாட்டு மேசையில் கொட்டுவாள். இப்போது அதையெல்லாம் குசினிக்குள் அம்மாவிடம் சொன்னாள். அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போனால் பேச்சு நிற்கும்.

மார்கழியில் ஒருநாள் பஸ்ஸில் யசோதினியோடு லேபில் வேலை செய்கிற ஷிபானா அவரைக் கண்டு சந்தோஷமாகக் கேட்டாள்: "அங்கிள், அவங்க வீட்டாக்கள் தைப்பொங்கலுக்குப் பொறகு கல்யாணம் பேச வாறாங்களாமே?"

யார் வீட்டார் என்று அண்ணனுக்குத் தெரியாது. "ஆமாம்மா, பாப்பம்" என்று சிரித்துவிட்டு, இறங்கவேண்டிய இடத்துக்கு இரண்டு பஸ் ஹோல்ட் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தார். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரம் கேட்கவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் அவளாகவே வந்து, பேராதனையில் வேலை செய்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னாள். முதல் தடவையாகக் கேட்பதுபோல அவர் முழுவதையும் கேட்டார். "ஒனக்குப் புடிச்சிருந்தாச் சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது தை மாதக் கணக்கெடுப்பின்போது, ஸ்டோர்ஸில் பெட்டிகளுக்கு நடுவில். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அவ்வப்போது எழுதுகிறவன் என்பது அவருக்குத் தெரியும். எழுதலாமா என்று கேட்டேன்.

"என்னப் பத்தி எழுதுறதுன்னா எழுது ஜெயராஜ். ஆனா இது அவ விஷயம். அவகிட்ட கேளு. அவ வேணாம்னா ஒரு எழுத்தும் எழுதாத."

நான் யசோதினிக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பாவா என்கிட்ட கேக்கச் சொன்னாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்படின்னா எழுதுங்க அண்ணா" என்றாள். "பேர மட்டும் மாத்திருங்க. அப்பாவ ரொம்ப மோசமாக் காட்டிராதீங்க."