எங்கள் வீட்டுச் சிங்கம்

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் உண்டு. கும்பகோணத்தில் அதைச் சுமந்துகொண்டு திரிவது லேசான காரியமில்லை. அப்பா பஸ் கண்டக்டர். "என்ன துரை, கப்பல் எப்ப?" என்று கூட வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெறும்வரை அவரை விடவில்லை. அப்பாவின் தாத்தா காரைக்காலில் இருந்தபோது வந்த பெயர் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. எவனோ வெள்ளைக்காரன் இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை என்று உறவுக்காரர்களே சொல்வார்கள். அது அப்பாவுக்கு எப்போதும் வலித்தது.

அந்தப் பெயரின் புண்ணியத்தில் குடியுரிமை பெற்றுப் பாரிசுக்குப் போன தம்பி, ஐந்தாம் வருடம் ஒரு படம் அனுப்பினான். குடும்பப் பெயரைச் சொன்னால் அதற்குரிய சின்னத்தை அச்சடித்துத் தரும் கடை அங்கே இருக்கிறதாம். நீலக் கேடயம், பின்னங்காலில் நிற்கும் சிங்கம், மூன்று கோட்டைக் கோபுரங்கள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது வீட்டு முகப்பில் அதைச் சிமெண்டில் வைத்தே தீருவேன் என்றார்.

கொத்தனார் கோயில் சுதை வேலையில் பழகியவர். பிதுங்கிய கண், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு என்று தனக்குத் தெரிந்த சிங்கத்தைச் செய்து வைத்தார். மறுநாள் பூக்கூடையோடு போன அம்மாள் ஒருவர் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே வாசல் நிலையில் மாதா படம்! எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்பா மட்டும் தினமும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

அந்த வாரம்தான், தம்பி கேட்டான் என்று காரைக்காலுக்குப் போய், அந்தப் பெயர் வந்த பழைய அரசுப் பதிவின் நகலை வாங்கினேன். ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் படித்துச் சொன்னார். சிங்கமும் இல்லை, கோட்டையும் இல்லை. அப்பாவின் தாத்தா வயல் கூலி. சாதி வழக்கத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படிக் கொடுப்பவர்கள் ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கையெழுத்துப் போடத் தெரியாததால் அடியில் அவர் கையால் குறுக்காக இரண்டு கோடு.

பஸ்ஸில் வரும்போது நகலைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சிங்கத்தைப் பறித்துக்கொண்டு அப்பாவுக்கு எதைக் கொடுப்பது?

வீட்டில், சிங்கத்துக்குக் கீழே பெயர் எழுதும் பட்டையைக் கொத்தனார் பூசிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"பேர யாரு குடுத்தா?" அதை மட்டும் கேட்டார்.

"யாரும் குடுக்கலப்பா. அவரே தேர்ந்தெடுத்தார்னு எழுதியிருக்கு."

"அவரே எடுத்துக்கிட்டாரா?" இரண்டு முறை கேட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"சிங்கத்த எடுத்துரவா சார்?" என்றார் கொத்தனார்.

"இருக்கட்டும்யா. அது பாட்டுக்கு நிக்கட்டும்."

அப்பா நகலோடு சாரத்தில் ஏறினார். கரண்டியை வாங்கி, காகிதத்தைப் பார்த்துப் பார்த்து, ஈரப் பட்டையின் ஓரத்தில் குறுக்காக இரண்டு கோடு இழுத்தார்.

"இப்ப பேர எழுதுங்க," என்றார். "அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு."