பாலத்தடியில் இறங்கச் சொன்னவன்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, லஸ்ஸில் இருக்கும் எங்கள் வக்கீல் ஆபீஸ் வாசலில் பஸ் கண்டக்டர் கன்னியப்பன் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "உங்க பிரண்டு சவரி பூட்டாரு சார். மூணு நாளா ஜுரம். சாயங்காலம் எடுக்கறாங்க" என்றார். உள்ளே என் சீனியர் ஏதோ மனுவைத் திருத்திக்கொண்டிருந்தார். போய் விஷயத்தைச் சொன்னேன். "அந்த டிரைவரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மனுவைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆமாம், அந்த டிரைவர்தான். சாந்தோம் சவரிமுத்து. பள்ளியில் என்னோடு ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இந்தப் பழைய மாணவர் மலரைப் படிக்கிற உங்களில் பலருக்குப் பரீட்சைக்கு முதல் நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன். சங்கத்தின் செயலாளர் நான் என்பதால் அவனைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. சங்கத்தின் தலைவர் என் சீனியரேதான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்: "நல்ல புத்திசாலி, முன்கோபத்தால் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டவர்." அந்த வரியை நான் எழுதப்போவதில்லை. அது பொய். பொய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சவரி ரோஷக்காரன் என்பது உண்மை. மூன்றாம் பாரத்தில் படிக்கும்போது ஒரு கிறிஸ்துமஸுக்குத் தட்டு நிறையக் கல்கல் பலகாரம் எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்களுக்காக முட்டை சேர்க்காமல் அவன் அம்மா தனியாகப் பொரித்தது. என் அம்மா அவனைக் கொல்லைப்புறமாக வந்து தட்டை வைக்கச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. "முன் வாசல்லதான் மாமி பெல் அடிச்சேன்" என்று மட்டும் சொன்னான். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தான். அடுத்த வருஷம் அம்மாவே வாசலுக்கு வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். "அந்தப் பிள்ளை சொன்னதுல தப்பே இல்லேடா" என்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னாள்.

வகுப்பில் என் கையெழுத்துக்கு நல்ல பெயர் உண்டு. எல்லாப் பையன்களும் அவர்களுடைய இம்போசிஷனை என்னிடம் தள்ளுவார்கள். சவரி ஒருநாளும் கேட்டதில்லை. செய்த தப்புக்கு அவனே எழுதுவான். செய்யாத தப்புக்குப் பிரம்படி வாங்கினாலும் எழுத மாட்டான். எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கினான். அந்தக் கோடையிலேயே அவன் அப்பா இறந்துபோனார். நான் காலேஜுக்குப் போனேன், அவன் பஸ் ஓட்டப் போனான்.

யுத்தத்தின்போது கரி பஸ் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் ஒரு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டி ஓடும். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வழியாகக் கிண்டிக்குப் போகிற வண்டியில் சவரி டிரைவர், கன்னியப்பன் கண்டக்டர். சமதரையிலேயே முனகிக்கொண்டு போகிற வண்டி சைதாப்பேட்டைப் பாலத்து ஏற்றத்தில் ஏறவே ஏறாது. அதனால் பாலத்தடியில் சவரி வண்டியை நிறுத்துவான். பிள்ளைத்தாய்ச்சியும் நோயாளியும் வயதானவர்களும் உட்கார்ந்திருக்கலாம். மற்ற எல்லாரும் இறங்கிப் பாலத்து உச்சிவரை நடந்து போய் அங்கே ஏறிக்கொள்ள வேண்டும். கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தால் அவரும் நடப்பார். இது தினமும் நடக்கிற காரியம், யாரும் முகம் சுளித்ததில்லை.

நான் வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட புதிதில், கிண்டியில் ஒரு கட்சிக்காரரின் நிலத்தைப் பார்க்க சீனியரோடு அந்த பஸ்ஸில் போனேன். அவருடைய கார் பெட்ரோல் இல்லாமல் ஷெட்டில் கிடந்தது. பாலத்தடியில் எல்லாரும் இறங்கினார்கள். கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் இறங்கி நடந்தாள். சீனியர் அசையவில்லை. "கிண்டி வரைக்கும் டிக்கெட் வாங்கிண்டுதானே உட்கார்ந்திருக்கேன். ஒரு ஆள் கனத்துல வண்டி நின்னுடுமா?" என்றார்.

சவரி கீழே இறங்கி ஜன்னலருகே வந்தான். குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு ஆள் கனம் வண்டிக்குத் தெரியாது சார். நடந்து போறவங்களுக்குத்தான் தெரியும்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "ராகவா, நீயாவது எறங்குடா" என்றான்.

சீனியர் எழுந்திருக்காமல் ஜூனியர் எழுந்திருப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. நான் மடியில் இருந்த கேஸ் கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சவரி போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். அரை மணி நேரம் வண்டி நகரவில்லை. கடைசியில் சீனியர் ஒரு ஜட்கா வண்டியைக் கூப்பிட்டு ஏறினார். நானும் அவர் பின்னால் ஏறினேன்.

மறுநாள் கம்பெனிக்குப் புகார் போயிற்று. டிரைவர் வாய் கூசும் வார்த்தைகளால் திட்டினான் என்று சீனியர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான். அடியில் சாட்சி என்று கையெழுத்துப் போட்டவனும் நான். கம்பெனி சவரியிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. சொல்லாத வார்த்தைக்கு மன்னிப்பு எழுத முடியாது என்றான். வேலை போயிற்று. அதன் பிறகு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் என்ஜின் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கை கெட்டது என்றால், அது அவன் கோபத்தால் கெடவில்லை. எங்கள் இரண்டு பேரால் கெட்டது.

ஒரு வருஷம் கழித்து மயிலாப்பூர்த் தேர்முட்டியருகே அவன் எதிரே வந்தான். ஒதுங்கிப் போகத்தான் பார்த்தேன், அவன் விடவில்லை. கம்பெனியில் அந்தப் புகாரை அவனிடம் காட்டியிருக்கிறார்கள். "உன் கையெழுத்து ஸ்கூல்ல இருந்த மாதிரியே அழகா இருக்குடா" என்று சொல்லிச் சிரித்தான். அம்மா சௌக்கியமா என்று கேட்டான். அந்த டிசம்பரிலும் கல்கல் வந்தது, முட்டை சேர்க்காதது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சென்ற வெள்ளிக்கிழமை சவரியின் சாவுக்குக் கன்னியப்பனும் நானும் ஒரே பஸ்ஸில் ஈக்காட்டுத்தாங்கலுக்குப் புறப்பட்டோம். பாலத்தடியில் வண்டி நின்றதும் நான் எழுந்து நின்றேன். "இப்ப எறங்க வாணாம் சார். பெட்ரோல் வண்டி. தானா ஏறிக்கினு பூடும்" என்றார் கன்னியப்பன். தெரியும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பிறகு அவரும் இறங்கினார். அந்த ஏற்றம் அவ்வளவு பெரியதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

எனவே உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சவரிமுத்து யாரையும் திட்டவில்லை. அந்தப் புகாரில் இருக்கும் என் கையெழுத்து பொய்ச் சாட்சிக் கையெழுத்து. இன்று அதை வாபஸ் வாங்குகிறேன். தலைவர் சொன்ன வரி இந்த மலரில் வராது. அவர் இதைப் படிக்கும்போது மலர் அச்சாகியிருக்கும். செயலாளர் பதவியை ராஜினாமா செய்கிற கடிதமும், ஆபீஸைவிட்டு விலகுகிற கடிதமும் அவர் மேஜைமேல் இருக்கின்றன. இரண்டும் அவருக்குப் பழக்கமான அதே அழகான கையெழுத்தில் இருக்கின்றன.

சவரியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாலம். இனி எந்த வண்டியில் போனாலும் அதன் அடியில் இறங்கி நடப்பேன். தலைவர் விரும்பினால் அவரும் வரலாம். இரண்டு பேர் சேர்ந்து நடக்கத் தாராளமாக இடம் இருக்கிறது.