முருகா, உள்ளதைக் காட்டு

போன வருடக் கந்தசஷ்டியின் நான்காம் நாள். வெள்ளவத்தை வீட்டில், சுவாமி அறையில் பதிகம் பாடிக்கொண்டிருந்த என் கணவரின் நாக்கு திடீரென்று குழறியது. வலது கையிலிருந்த கற்பூரத்தட்டு விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. நான் அலறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

"விரதக்களைதான். பதறாதையும்," என்றார்.

மேல்மாடி வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து பார்க்கிறேன், விரதத்தில் களைத்தால் இவர் படுப்பார், குழறமாட்டார். சண்டை பிடித்து ஓட்டோவில் ஏற்றிப் பொரளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியக்கூடாது என்று வழியெல்லாம் வேண்டினேன். அப்படியே ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டொக்டரின் முகம் மட்டும் தெளியவில்லை.

"அம்மா, இது வந்திட்டுப் போற பாரிசவாதமா இருக்கலாம். அடுத்த முறை வந்தால் போகாது. மூளைக்குள்ள ரத்தம் ஓடுறதைப் படம் எடுத்துப் பாப்பம்."

வெளியே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் குடியிருந்த காலம் கண்ணுக்குள் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜிந்துப்பிட்டி முருகனிடம் நடந்தே போவோம். இவர் தெருவிலேயே பாடத் தொடங்கிவிடுவார். "ஆக்கள் பாக்கினம், மெல்லமாப் பாடுங்கோ," என்று கையைக் கிள்ளுவேன். எவ்வளவு இனிமையான நாட்கள்! அந்தக் குரல் போய்விடுமோ? அப்போதுதான் என் வேண்டுதல் மாறியது. "முருகா, ஒன்றும் இல்லை என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பாதே. உள்ளதைக் காட்டு."

காட்டினான். ஊசியில் மருந்து ஏற்றி எடுத்த படத்தில், இடப்பக்க மூளையில் ஓரிடத்துக்கு மட்டும் ரத்தம் பிந்திப் போனது தெரிந்தது. ஏன் என்று தேடியபோது, கழுத்து ரத்தக்குழாய் அடைபடும் நிலையில் இருந்தது. சத்திரசிகிச்சை செய்து அடைப்பை எடுத்தார்கள். கெட்ட செய்தி கேட்டு நான் நன்றி சொல்லி அழுதது அன்றைக்குத்தான்.

இந்த வருடம் டொக்டர் அவரை விரதம் பிடிக்க விடவில்லை. நான் பட்டினி கிடக்க, என் முன்னால் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, "முருகன் எனக்கு லீவு தந்திட்டார்," என்று நக்கலடிக்கிறார். அடிக்கட்டும்.

அடியார்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது கை சோர்ந்து பேச்சுத் தடுமாறினால், உடனே சரியானாலும், களை என்று விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடும்போது முருகனிடம் ஆறுதலைக் கேட்காதீர்கள், உண்மையைக் கேளுங்கள். எனக்கு அவன் இரண்டையும் தந்தான்.