இரை உருண்டை

அன்று ஏரிக்கரையில் அப்பா இருந்தார். மாமா இருந்தார், அம்மாவுக்குத் தம்பி. அப்பா கூட்டிவந்த பேங்க் மேனேஜர் இருந்தார். மாமா கூட்டிவந்த லாரி ஓனர் இருந்தார். மீனை எண்ணிச் சொல்ல டீக்கடைக்காரர் இருந்தார். நான் இருந்தேன். அம்மா வரவில்லை.

வேங்கிக்கால் ஏரி. நான் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் அதிகம் படிக்கவில்லை. ஞாயிறானால் டவுனிலிருந்து பெரிய மனிதர்கள் சக்கரம் வைத்த தூண்டிலோடு வருவார்கள். மீன் எங்கே நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த இடத்தைக் காட்டுவதுதான் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பிழைப்பு. என் ஆளை நீ இழுத்தாய் என்று இரண்டு வருடமாகச் சண்டை. கடைசியில் டீக்கடையில் வைத்துப் பேசி முடித்தார்கள். வருகிற ஞாயிறு யாருடைய ஆள் கம்மியாகப் பிடிக்கிறாரோ, அவரைக் கூட்டிவந்தவர் இனி கரைக்கே வரக்கூடாது.

மீனுக்கு முதல் நாளே இரை போட வேண்டும். வேர்க்கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்து உருண்டை பிடித்து, சாயங்காலம் ஒரே இடத்தில் போட்டால் காலையில் கெண்டை அங்கேயே சுற்றும். அம்மா அதில் வெந்தயம் வறுத்துப் பொடித்துச் சேர்ப்பாள். மாமாவுக்குப் பெண்சாதி தவறிவிட்டாள், பிசைய ஆள் இல்லை. வெறும் தவிட்டைக் கொட்டிவிட்டு உட்காருவார். அப்பாவுக்கு அந்தத் தைரியம்.

சனிக்கிழமை அம்மா முறத்தில் உருண்டை பிடித்து வைத்தாள். நான் எண்ணினேன். அப்புறம் உப்பு வாங்கிவரச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பினாள். சாயங்காலம் அப்பா உருண்டைகளைத் தண்ணீரில் போட்டபோது கூடை பிடித்தது நான்தான். அப்போதும் எண்ணினேன்.

காலையில் அப்பா பனைமரத்தடியில் உட்கார்ந்தார். மாமா மதகுப் பக்கம்.

"இன்னியோட இந்தக் கரைய மறந்துடு மச்சான்" என்றார் அப்பா.

"அத மீன் சொல்லட்டும் மாமா" என்று மதகுப் பக்கமிருந்து பதில் வந்தது.

மேனேஜர் முதலில் மூன்று எடுத்தார். லாரி ஓனருக்கு ஒன்றும் இல்லை. மாமா பீடியைப் பற்றவைத்துப் பற்றவைத்து அணைத்தார். பிறகு மதகுப் பக்கமும் இழுக்க ஆரம்பித்தது. வெயில் ஏறியதும் டீக்கடைக்காரர் போதும் என்றார்.

"இங்க அஞ்சு. அங்கயும் அஞ்சு."

அப்பா மறுபடி எண்ணச் சொன்னார்.

"திரும்ப எண்ணினா குட்டி போடுமா? ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க."

யாரும் கரையை விட்டுப் போக வேண்டியதில்லை என்று ஆயிற்று. மாமா ஒரு கெண்டையை என் கையில் கொடுத்து, "அக்காகிட்ட குடு" என்றார்.

வெறும் தவிட்டுக்கு இவ்வளவு கெண்டை வராதே என்று அப்பா வீட்டில் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். மீனைக் கழுவினால் குடலைக் காக்காய்க்குப் போடுவது என் வேலை. அன்று அம்மா என்னிடம் கொடுக்கவில்லை. தானே வாழையடியில் குழி தோண்டிப் புதைத்தாள். பக்கத்தில் போனேன்.

"வெந்தய வாசன வருதும்மா."

"கொழம்புக்கு வறுத்தேன். போய் தண்ணி எடுத்துனு வா."

அப்பா இரண்டு முறை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு அவரும் மாமாவும் பழையபடி ஆளுக்குச் சண்டை போட்டார்கள்.

எண்ணும்போது நான்தான் தப்பு விட்டேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முறத்தில் இருந்தது இருபது. கூடையில் இருந்தது பன்னிரண்டு.